கத்தி படுவதற்கு முன் எடுக்க வேண்டிய படங்கள்

குழந்தையின் தலைக்குள் கட்டி இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது ஸ்கேன் வேலையில் எளிய பகுதி. நல்ல எம்.ஆர்.ஐ. ஒன்று எடுத்துவிட்டால் கட்டி கண்ணுக்குத் தப்புவது அரிது. சிரமம் அதற்குப் பிறகுதான். எந்த வகைக் கட்டி, எங்கிருந்து கிளம்பியது, முதுகுத் தண்டுவடத்தில் இறங்கிவிட்டதா, முழுதாக அகற்ற முடியுமா? இந்தக் கேள்விகளில் பலவற்றுக்கு அறுவைக்கு முன் எடுத்த படம்தான் தெளிவான பதில் தரும். மண்டையோட்டைத் திறந்துவிட்டால் இரத்தம், வீக்கம், வடு எல்லாம் படத்தில் கலந்துவிடும். அன்று எடுக்காமல் விட்ட படத்தைப் பிறகு எந்த இயந்திரத்தாலும் எடுக்க முடியாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே போகும்.

முதலில், ஸ்கேன் வரைக்கும் குழந்தை எப்படி வந்து சேர்கிறது என்பது. குழந்தைகளுக்கு வரும் திடக் கட்டிகளில் மூளைக் கட்டிதான் அதிகம். ஒட்டுமொத்தப் புற்றுநோய்களில் ரத்தப் புற்றுக்கு அடுத்த இடம். ஆனாலும் தனி ஒரு மருத்துவர் தன் பணிக்காலத்தில் பார்ப்பது சிலவற்றைத்தான். அதனால் காலை வாந்தி வயிற்றுக் கோளாறாகப் பார்க்கப்படுகிறது, தலையை ஒரு பக்கம் சாய்த்து வைப்பது கழுத்துப் பிடிப்பாக, பார்வை மங்குவது கண்ணாடி விஷயமாக. நடை தள்ளாட்டம், புதிதாக வந்த மாறுகண், வளர்த்தி நின்றுபோதல், அடங்காத தாகத்தோடு அடிக்கடி சிறுநீர் போவது, கைக்குழந்தைக்குத் தலைச் சுற்றளவு அட்டவணைக் கோட்டைத் தாண்டி ஏறுவது, இவையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒவ்வொன்றும் தனியாக வந்தால் பெரும்பாலும் வேறு காரணம்தான். இரண்டு சேர்ந்தாலோ, வாரக்கணக்கில் விடாமல் நீடித்தாலோ படம் எடுத்தாக வேண்டும். பிரிட்டனில் 2011இல் தொடங்கிய ஹெட்ஸ்மார்ட் இயக்கம் இந்த அறிகுறிகளை வயதுவாரியாக அட்டையில் அச்சிட்டுப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் கொடுத்தது. அறிகுறி தொடங்கி நோய் உறுதியாகும்வரை ஆகும் காலத்தின் நடுமதிப்பு (மீடியன்) அங்கே 14 வாரங்களுக்கு மேல் இருந்தது. பின்னாளில் 7 வாரங்களுக்குக் கீழே வந்தது. புது இயந்திரம் எதுவும் வாங்காமலே கிடைத்த பலன் இது.

சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா? குழந்தை விழிப்பாக இருந்து, நிலை சீராக இருந்தால் நேரே எம்.ஆர்.ஐ. மயக்கமாகக் கிடக்கிறது, வாந்தி நிற்கவில்லை, நாடித் துடிப்பு குறைகிறது என்றால் சி.டி. சில விநாடிகளில் முடிந்துவிடும், மயக்க மருந்து வேண்டாம். அந்த அவசரத்தில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: வென்ட்ரிக்கிள்கள், அதாவது மூளைக்குள் திரவம் நிற்கும் அறைகள், வீங்கியிருக்கின்றனவா, இரத்தக் கசிவு உண்டா, சிறுமூளைப் பகுதியில் இடத்தை அடைக்கும் ஏதாவது இருக்கிறதா. நீர் தேங்கியிருந்தால் நரம்பியல் அறுவை மருத்துவர் முதலில் அழுத்தத்தைக் குறைப்பார். கட்டியின் பெயர் கொஞ்சம் காத்திருக்கும். காய்ச்சலோடு தலைவலி என்று மூளைக்காய்ச்சலைச் சந்தேகித்து, படம் பார்க்காமலே முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதுதான் இங்கே நடக்கக்கூடிய மிக மோசமான தவறு. மேலே அழுத்தம் கூடியிருக்க, கீழே திரவத்தை வடித்தால் சிறுமூளையின் அடிப்பகுதி மண்டைத் துளை வழியே இறங்கி மூளைத்தண்டை நசுக்கிவிடும்.

சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு. குழந்தையின் தலைக்கு ஒரு முறை எடுத்தால் சுமார் 2 மில்லிசீவர்ட். இயந்திரம் பெரியவர்களுக்கான அமைப்பிலேயே இருந்தால் இது தேவையில்லாமல் கூடும். வயதுக்கேற்ற அமைப்பு பதிவாகியிருக்கிறதா என்று டெக்னீஷியன் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். சாதா சி.டி.யில் கட்டி தெரிந்துவிட்டால், கான்ட்ராஸ்ட் (கட்டியைப் பளிச்சென்று காட்ட ஊசியில் ஏற்றும் மருந்து) ஏற்றி இன்னொரு சுற்று சி.டி. எடுப்பதில் பொருளில்லை. அது சொல்லப்போவதை எம்.ஆர்.ஐ. இன்னும் நன்றாகச் சொல்லும். இன்னொன்று: சி.டி. சரியாக இருக்கிறது என்ற அறிக்கையை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. காதெலும்புகள் இரண்டுக்கும் நடுவே மூளைத்தண்டின் மேல் கரும்பட்டைகள் விழும். அந்த இடத்தில் சுற்றியுள்ள திசுவின் அதே அடர்த்தியோடு பரவும் கட்டி, சி.டி.யில் சற்றுப் பருத்த மூளைத்தண்டாக மட்டுமே தெரியும். அறிகுறி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ.தான்.

உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்கு அதன் வழியே அல்ட்ராசவுண்ட் பார்க்கலாம். நீர்த் தேக்கம் உடனே தெரியும். மண்டையோட்டை ஒட்டிய ஓரங்களும் சிறுமூளையும் சரிவரத் தெரியாது. அதனால் அது வாசல் வரைக்கும்தான்.

எம்.ஆர்.ஐ. என்றாலே மயக்க மருந்துப் பேச்சு வந்துவிடும். மூளையும் முழுத் தண்டுவடமும் சேர்த்து எடுக்க ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டி, துணியில் இறுகச் சுற்றித் தூங்கவைத்தே சிறிய ஸ்கேனை முடிக்கலாம். ஆறேழு வயதுக்கு மேல், முன்கூட்டியே பழக்கினால் பல குழந்தைகள் அசையாமல் படுத்துவிடும். இடைப்பட்ட வயதினருக்கு மயக்க மருந்து தேவைப்படும். திட உணவும் புட்டிப்பாலும் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும் என்பது பழகிய கணக்கு. தெளிந்த திரவத்துக்கு 1 மணி நேரமே போதும் என்று பல இடங்களில் இப்போது தளர்த்தியிருக்கிறார்கள்.

மூளை அழுத்தம் கூடிய குழந்தைக்கு லேசான தூக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய் இல்லாமல் படம் எடுத்துவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. தூக்கத்தில் மூச்சு மந்தமாகும், இரத்தத்தில் கரியமில வாயு ஏறும், மூளை நாளங்கள் விரியும், ஏற்கெனவே உயர்ந்திருக்கும் அழுத்தம் இன்னும் உயரும். மயக்கமருந்து நிபுணர் மூச்சைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு செய்வதுதான் இங்கே பாதுகாப்பு. அதற்கான ஆளோ கருவியோ ஸ்கேன் அறையில் இல்லை என்றால் சி.டி.யோடு நிறுத்தி, வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவதே சரி.

ஒரே மயக்கத்தில், ஒரே கான்ட்ராஸ்ட் ஊசியில், மூளையும் தண்டுவடமும் இரண்டும் முடிய வேண்டும். இதைத் திட்டமிடாத இடங்களில்தான் அறுவைக்குப் பிறகு தண்டுவடத்தைத் தேடி ஓடுகிறார்கள். நடைமுறை வரிசை இப்படி: கான்ட்ராஸ்டுக்கு முன் திசுக்களை வெவ்வேறு விதமாகப் பிரித்துக் காட்டும் டி1, டி2, ஃப்ளேர் படங்கள், நீர் மூலக்கூறின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன், இரத்தமும் சுண்ணமும் தேடும் எஸ்.டபிள்யூ.ஐ.; ஊசிக்குப் பின் 1 மி.மீ. கனத்தில் முப்பரிமாண டி1. அதன் பின் தண்டுவடம். இரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷனும் திசுவின் வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பியும் நேரம் மிஞ்சினால். குழந்தை பாதியில் விழித்துக்கொள்ளும் அபாயம் இருந்தால் டிஃப்யூஷனையும் டி2வையும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்பெக்ட்ராஸ்கோப்பியின் அழகான வரைபடத்துக்காகத் தண்டுவடத்தை மறுநாளைக்குத் தள்ளுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

எம்.ஆர்.ஐ.யில் கான்ட்ராஸ்ட் என்பது கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்து. வளைய அமைப்புள்ள மருந்துகள், அதாவது கடோடெரேட், கடோபுட்ரால் போன்றவைதான் குழந்தைகளுக்கு ஏற்றவை. திரும்பத் திரும்ப ஊசி போட்டவர்களின் மூளையில் கடோலினியம் தங்குகிறது என்பது 2014இல் வெளிப்பட்டது. நேர்ச்சங்கிலி அமைப்புள்ள மருந்துகளில் பலவற்றை ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் நிறுத்திவைத்தது. வருடக்கணக்கில் ஸ்கேன் எடுக்கப்போகிற குழந்தைக்கு இது சின்ன விஷயமில்லை. அளவு, கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 15 கிலோ குழந்தைக்கு 1.5 மில்லிமோல். கடோடெரேட் மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிமோல் செறிவுள்ளது. ஆகவே 3 மி.லி. கடோபுட்ரால் அதைப் போல இரு மடங்கு செறிவு, ஆகவே 1.5 மி.லி. மட்டும். மருந்தை மாற்றும்போது பழைய பழக்கத்தில் 3 மி.லி.யை ஏற்றிவிட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். புட்டியின் மேலுள்ள செறிவைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுவதைத் தவிர இதற்கு வேறு தடுப்பு இல்லை.

இனி படத்தைப் படிப்பது. கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பிள்ளைகளுக்கு வரும் கட்டிகளில் பெரும்பகுதி பின்மண்டைக் குழியில், சிறுமூளையையும் நான்காம் வென்ட்ரிக்கிளையும் மூளைத்தண்டையும் சுற்றி இருக்கும். அங்கே முக்கியமாக வரும் மூன்று கட்டிகளைப் பிரித்தறிவதில்தான் அனுபவம் தெரியும்.

மெடுல்லோபிளாஸ்டோமாவில் செல்கள் நெருக்கமாக அடைந்திருக்கும். அதனால் சி.டி.யிலேயே சற்று வெளுத்துத் தெரியும். எம்.ஆர்.ஐ. டிஃப்யூஷனில் நீர் மூலக்கூறு நகர இடமில்லாமல், அந்த நகர்வை அளக்கும் ஏ.டி.சி. மதிப்பு விழும். பெரும்பாலும் நான்காம் வென்ட்ரிக்கிளின் கூரைப் பக்கத்திலிருந்து எழும். பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா இதற்கு நேர் எதிர். நீர்ப்பை ஒன்று, அதன் சுவரில் கான்ட்ராஸ்டைப் பளிச்சென்று வாங்கும் திடப் பகுதி, டி2வில் நல்ல வெண்மை, உயர்ந்த ஏ.டி.சி. இவ்வளவு பளிச்சிடுவதைப் பார்த்துத் தீய கட்டி என்று முடிவுகட்டுவது பெரியவர்களின் படங்களில் பழகிய கண் செய்யும் தவறு. முழுதாக அகற்றிவிட்டால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துபோகிற கட்டி இது. எபெண்டிமோமா இடையில் நிற்கும். பெரும்பாலும் வென்ட்ரிக்கிளின் தரையிலிருந்து கிளம்பி, பக்கத் துளைகள் வழியே பிதுங்கி மூளைத்தண்டைச் சுற்றிக்கொள்ளும். சுண்ணப் படிவும் பழைய இரத்தமும் கலந்து டி2வில் திட்டுத்திட்டாகத் தெரியும். பக்கத் துளை வழியே எவ்வளவு தூரம் போயிருக்கிறது, கீழ்க் கபால நரம்புகள் அதில் சிக்கியிருக்கின்றனவா என்பதை அறிக்கை சொல்லியாக வேண்டும். அறுவை மருத்துவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

ஏ.டி.சி.யை எண்ணால் சொல்வதானால், 10⁻³ மி.மீ.²/விநாடி அலகில் 0.9க்குக் கீழே மெடுல்லோபிளாஸ்டோமா பக்கம், 1.4க்கு மேலே பைலோசைட்டிக் பக்கம், 1.0 முதல் 1.3 வரை எபெண்டிமோமா பக்கம். இந்த எல்லைகளை மனதில் வைத்துக்கொள்ளலாம், சட்டமாக்கக் கூடாது. அளக்கும் வட்டத்தைக் கட்டியின் திடப் பகுதியில் மட்டும் வைக்க வேண்டும். நீர்ப்பை சேர்ந்தால் எண் பொய்யாக ஏறும், இரத்தமும் சுண்ணமும் சேர்ந்தால் பொய்யாக இறங்கும். எஸ்.டபிள்யூ.ஐ. படத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு அளப்பது அதனால்தான். பக்கத்திலுள்ள ஆரோக்கியமான சிறுமூளையின் மதிப்பையும் எடுத்து ஒப்பிட்டால் இயந்திரத்துக்கு இயந்திரம் வரும் வேறுபாடு ஓரளவு கழியும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் மெடுல்லோபிளாஸ்டோமா போலவே தோன்றும் இன்னொன்று இருக்கிறது: ஏ.டி.ஆர்.டி. என்ற தீய கட்டி. ஏ.டி.சி. அதிலும் தாழ்ந்தே இருக்கும். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது; பயாப்ஸியில், அதாவது கட்டியின் திசுவை எடுத்துச் செய்யும் சோதனையில், ஐ.என்.ஐ.1 புரதம் இழந்திருப்பதைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ரேடியாலஜிஸ்ட் இரண்டு பெயரையும் எழுதிவிடுவது நல்லது, நோயியல் மருத்துவர் அந்தச் சோதனையை மறக்க மாட்டார்.

மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு உள்ளேயே நான்கு மூலக்கூறு வகைகள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடு அவற்றின் மேல்தான் நிற்கிறது. படம் அதற்கும் கொஞ்சம் துப்புத் தரும். சிறுமூளையின் பக்கவாட்டில் இருந்தால் எஸ்.ஹெச்.ஹெச்., சிறுமூளைக் காம்பை ஒட்டியிருந்தால் டபிள்யூ.என்.டி., நடுவில் இருந்தால் மூன்றாம் அல்லது நான்காம் வகை. நடுவில் இருந்தும் கான்ட்ராஸ்டைச் சரியாக வாங்காவிட்டால் நான்காம் வகை என்று ஊகிக்கலாம். ஊகம்தான். சிகிச்சையை முடிவுசெய்வது திசுச் சோதனை.

மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் பரவும் கிளையோமா (மூளையின் துணைச் செல்களிலிருந்து வரும் கட்டி) தனி ரகம். பான்ஸ் முழுக்கப் பருத்து, குறுக்குவெட்டில் பாதிக்கு மேல் டி2வில் வெளுத்து, முன்னால் ஓடும் பேசிலார் தமனியைச் சுற்றிக்கொண்டிருக்கும். கான்ட்ராஸ்ட் ஏறலாம், ஏறாமலும் போகலாம். பல ஆண்டுகள் பயாப்ஸி இல்லாமல் படத்தையும் அறிகுறியையும் வைத்தே இதற்குப் பெயரிட்டார்கள். இப்போது ஹெச்3 கே27 மாற்றத்தைத் தேடி ஊசி பயாப்ஸி செய்யும் மையங்கள் கூடியிருக்கின்றன.

பின்மண்டைக்கு வெளியே இரண்டு இடங்கள் மட்டும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பிக்கு மேலே நீர்ப்பையும் சுண்ணமும் சேர்ந்திருந்தால் கிரேனியோஃபாரிஞ்சியோமா. குழந்தைகளிடம் இதில் பெரும்பாலானவை சுண்ணம் படிந்தவை, அந்தச் சுண்ணத்தைப் பார்க்க சி.டி. இன்னும் சிறந்தது. அடங்காத தாகத்தோடு வரும் குழந்தைக்குப் பிட்யூட்டரியின் பின்பக்க வெண்புள்ளி டி1இல் காணாமல் போய், அந்தச் சுரப்பியின் தண்டு தடித்திருந்தால் கருச்செல் கட்டியான ஜெர்மினோமாவைத் தேட வேண்டும். அங்கே கத்தி எடுக்கும் முன் ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி. என்ற கட்டிக் குறியீட்டுப் பொருள்கள் இரண்டையும் இரத்தத்தில் பார்த்துவிட வேண்டும். அவை தெளிவாக உயர்ந்திருந்தால் பயாப்ஸியே வேண்டாமல் போகலாம். முதல் வகை நியூரோஃபைப்ரோமாடோசிஸ் (நரம்புகளில் கட்டிகள் வளரும் மரபு நோய்) உள்ள குழந்தைக்குக் கண் நரம்பு தடித்திருந்தாலும் பொதுவாகத் திசு எடுப்பதில்லை. அதே குழந்தையின் மூளையில் டி2வில் வெண்திட்டுகள் சிதறிக் கிடக்கும். சுற்றிலும் எதையும் தள்ளாமல், கான்ட்ராஸ்ட் வாங்காமல் இருந்தால் அவை கட்டியில்லை. இது தெரியாமல் ஒரு குடும்பத்தைக் கலங்கடிப்பது அநியாயம்.

தண்டுவடத்துக்கு வருவோம். மெடுல்லோபிளாஸ்டோமா மூளைத் தண்டுவடத் திரவத்தில் செல்களை உதிர்க்கும். அவை கீழே இறங்கி ஒட்டிக்கொள்ளும். அறுவைக்கு முன் தண்டுவடப் படம் எடுக்கவில்லை என்றால், பின்னர் எடுக்கும் படத்தில் வழிந்து இறங்கிய இரத்தமும் தண்டுவட உறையின் எரிச்சலும் பரவிய கட்டியைப் போலவே பளிச்சிடும். அதனால் குறைந்தது 2 வாரம் காத்திருக்க வேண்டும். அதற்கப்புறமும் சந்தேகம் முழுதாகத் தீராது. பரவியிருக்கிறது என்று தவறாக முடிவெடுத்தால் சிறு குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் கூடுதல் கதிர்வீச்சு. பரவவில்லை என்று தவறினால் நோய் திரும்பும். ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தப் போய் இந்த விலை கொடுக்க வேண்டுமா?

படத்தை எடுப்பதிலும் ஓட்டைகள் உண்டு. பக்கவாட்டு வெட்டுகள் 3 மி.மீ.க்கு மேல் கனமாக இருந்தால் சின்ன விதைகள், அதாவது உதிர்ந்து ஒட்டிய கட்டித் துணுக்குகள், தப்பிவிடும். அதில் சந்தேகம் வந்த இடத்தைக் குறுக்குவெட்டில் உறுதிசெய்ய வேண்டும். உதிர்ந்த செல்கள் அதிகம் தங்குவது தண்டுவட உறை முடியும் பையின் அடியில், முதுகெலும்பின் அடிப்பகுதியிலுள்ள இரண்டாம் சேக்ரல் எலும்பு மட்டத்தில். படம் இடுப்போடு நின்றுபோனால் அந்த இடமே வராது. தண்டுவடத்தின் கடைசி நூலில் உள்ள கொழுப்பு டி1இல் வெளுப்பாகத் தெரிந்து கட்டிபோல் ஏமாற்றும். கொழுப்பை அடக்கும் முறையில் எடுத்தால் மறைந்துவிடும். தண்டுவடத்தின் மேற்பரப்பில் ஓடும் சிரைகளும் கான்ட்ராஸ்ட் வாங்கும். அவை மென்கோடாக வழவழப்பாக இருக்கும், விதைகள் முடிச்சு முடிச்சாக. கான்ட்ராஸ்ட் வாங்காத விதைகளும் உண்டு என்பதால் மெல்லிய வெட்டில் டி2 தன்மை மிகுந்த படம் ஒன்று கூடவே எடுக்க வேண்டும்.

மூளைப் பக்கம் இதற்கு இணையான பொறி ஒன்று மயக்க மருந்தால் வரும். குழந்தைக்கு 100 சதவீத ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தால் ஃப்ளேர் படத்தில் மடிப்புகளுக்கிடையிலுள்ள திரவம் வெளுத்துக் காட்டும். பார்த்தால் உறை முழுக்கப் பரவல் போலவே இருக்கும். கான்ட்ராஸ்ட் படத்தில் அங்கே ஒன்றும் இல்லை என்றால், மயக்கமருந்துக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதலாம்.

அறுவை முடிந்த பிறகு எடுக்கும் முதல் படத்துக்கும் கெடு இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் எடுப்பது சிறப்பு, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் வெட்டுப்பட்ட திசுவே கான்ட்ராஸ்ட் வாங்கத் தொடங்கிவிடும், மீந்த கட்டி எது, ஆறும் புண் எது என்று சொல்ல முடியாது. இந்தப் படத்திலும் கான்ட்ராஸ்டுக்கு முந்திய டி1 கட்டாயம், ஏனென்றால் புது இரத்தம் டி1இல் தானாகவே வெளுத்திருக்கும். டிஃப்யூஷனும் கட்டாயம். குழியின் ஓரத்தில் அறுவையால் செத்த திசு அன்று டிஃப்யூஷனில் தெரியும், சில வாரங்களில் அதே இடம் கான்ட்ராஸ்ட் வாங்கும். முதல் படம் இல்லாதவர் அதைக் கட்டி திரும்பியதாக எழுதிவிடுவார். மெடுல்லோபிளாஸ்டோமாவில் 1.5 ச.செ.மீ.க்கு மேல் மிச்சம் இருந்தால் குழந்தை உயர் அபாயப் பிரிவுக்குப் போகும். அதனால் மிச்சத்தை "சிறிதளவு" என்று எழுதக் கூடாது. மிகப் பெரிய குறுக்குவெட்டில் இரு அளவுகளை எடுத்து எழுத வேண்டும். முதுகு நீர்ச் சோதனையையும் அறுவைக்குப் பின் சுமார் 2 வாரம் தள்ளியே செய்வார்கள், உதிர்ந்த செல்கள் கழுவிப்போகட்டும் என்று.

மூளையில் தேங்கிய நீரை வடிக்க ஷண்ட் என்ற குழாய் வைத்த குழந்தைக்கு ஒரு எச்சரிக்கை. வெளியிலிருந்து காந்தத்தால் அமைப்பு மாற்றும் வால்வு என்றால், சில வகைகளில் எம்.ஆர்.ஐ. காந்தமே அமைப்பை மாற்றிவிடும். ஸ்கேன் முடிந்து அறையைவிட்டுப் போகும் முன் அமைப்பைச் சரிபார்த்து எழுதிவைக்க வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த வாரம் தலைவலியோடு வரும் குழந்தைக்குக் கட்டி திரும்பிவிட்டதோ என்ற பயம் எல்லோரையும் பிடித்துக்கொள்ளும்.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பிந்திய மாதங்களில் படம் மோசமாவது போல் காட்டி, பிறகு தானாகவே தெளியும் சம்பவங்கள் உண்டு. கான்ட்ராஸ்ட் கூடும், வீக்கம் கூடும், குழந்தையோ நன்றாக விளையாடும். இங்கே பெர்ஃப்யூஷன் உதவும்: உண்மையான வளர்ச்சியில் இரத்த ஓட்டம் கூடுவதே வழக்கம், கதிர்வீச்சின் விளைவில் பெரும்பாலும் கூடாது. ஊசியே இல்லாமல் இரத்தத்தின் நீரையே குறியிடும் ஏ.எஸ்.எல். முறை குழந்தைகளிடம் நன்றாக வேலை செய்கிறது. அப்போதும் தீராவிட்டால் சில வாரம் கழித்து அதே இயந்திரத்தில், அதே வெட்டுக் கனத்தில், அதே வரிசையில் மறுபடி எடுக்க வேண்டும். குழந்தை நரம்புப் புற்றியலுக்கென உருவான ராப்னோ குழு அளவீட்டு முறைகளைக் கட்டிவாரியாக வகுத்திருக்கிறது. ஒப்பிடும்போது அதற்கு முந்தைய படத்தோடு மட்டும் நிறுத்தக் கூடாது, மிகச் சிறியதாக இருந்த படத்தையும் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு மி.மீ. வளரும் கட்டி, முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் எப்போதும் மாற்றமில்லாததாகவே தெரியும்.